சுகர், பிரஷர் இருக்கா? பிஹெச்சில அரசாங்கம் என்னென்ன தருது, எப்படி வாங்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, பக்கத்துத் தெருக்காரங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறைதான். பிஹெச்சின்னு நான் சொல்றது உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், ஜிஎச்னா தாலுகா இல்ல மாவட்ட அரசு ஆஸ்பத்திரி.

சுகர், பிரஷருக்கு பிஹெச்சில நிஜமாவே எல்லாம் ஃப்ரீயா? காசு எங்கயும் கேக்க மாட்டாங்களா?

ஆமா, ஃப்ரீதான். டாக்டர் பாக்குறது, பிரஷர் பாக்குறது, சுகர் டெஸ்ட், மாசத்துக்கான மாத்திரை எதுக்கும் காசு கிடையாது. இது நேத்து வந்த திட்டமும் இல்ல. 2007ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்துல சிவகங்கை, விருதுநகர் மாவட்டத்துல இதயநோய், பிரஷருக்கும் தஞ்சாவூர், தேனில கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கும் சோதனையா ஆரம்பிச்சு, 2012ல மாநிலம் முழுக்க கொண்டு வந்தாங்க. தொற்றா நோய் பிரிவுன்னு போர்டு போட்டிருக்குமே, என்சிடின்னு கூட சொல்லுவாங்க, அதுதான் இது. அதுக்குன்னே தனியா ஒரு நர்ஸ் இருப்பாங்க.

ரேஷன் கார்டு கேப்பாங்களா? வருமானம் இவ்ளோதான் இருக்கணும்னு ஏதாவது?

இல்ல. பிஹெச்சில வைத்தியம் பாக்க வருமான வரம்பு எதுவும் இல்ல, காப்பீட்டு அட்டையும் தேவையில்ல. ஆதார் கொண்டு போங்க, பேர் பதியுறதுக்கும் 14 இலக்க ஆபா நம்பர், அதாவது உங்க மருத்துவ அடையாள எண் போடுறதுக்கும் உதவும். போன் நம்பர் மாத்தியிருந்தா அதையும் அங்க சொல்லிடுங்க. நல்ல வேலைல இருக்குறவங்க "நாமெல்லாம் அங்க போலாமா"ன்னு கூச்சப்படுறாங்க. தாராளமா போலாம், நம்ம வரிப்பணத்துல நடக்குற ஆஸ்பத்திரி அது.

மொத தடவ போறேன், என்ன செய்யணும்?

காலைல சீக்கிரம் போயிடுங்க. முடிஞ்சா வெறும் வயித்துல போங்க, வெறும் வயித்து சுகர் அங்கயே எடுத்துட்டு அப்புறம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணும் எடுத்துடலாம், ஒரே நாள்ல வேல முடியும். பல ஊர்ல செவ்வாய்க்கிழம கர்ப்பிணிங்களுக்கான நாள், புதன்கிழம குழந்தைங்க தடுப்பூசி நாள், அன்னைக்கு கூட்டம் நெரியும், அதனால மத்த நாள் போனா டாக்டரும் கொஞ்சம் நிதானமா பேசுவார். ஓபி சீட்டு போட்டுட்டு என்சிடி நர்ஸ்கிட்ட போனா எடை, உயரம், பிரஷர் பாத்து, வீட்ல யாருக்கு சுகர் இருக்கு, புகையிலை பழக்கம் இருக்கான்னு எல்லாம் கேட்டு எழுதுவாங்க. இத வீண் கேள்வின்னு நெனச்சு மழுப்பாதீங்க, உங்களுக்கு மாரடைப்பு வர வாய்ப்பு எவ்ளோன்னு டாக்டர் முடிவு பண்றது இத வச்சுத்தான்.

பிரஷர் ஒரு தடவ கூட இருந்ததும் நோய்னு முடிவு பண்ண மாட்டாங்க. வேற நாள் வரச் சொல்லி திரும்பப் பாத்து, 140க்கு 90ங்குற அளவுக்கு மேலயே நின்னா அப்பத்தான் பிரஷர்னு சொல்லுவாங்க. சுகர்னா வெறும் வயித்துல 126, சாப்பிட்டப்புறம் 200. முகாம்ல விரல்ல குத்திப் பாக்குறது சந்தேகம் இருக்கான்னு தெரிஞ்சுக்க மட்டும்தான், அத வச்சு மாத்திரைய ஆரம்பிக்காதீங்க, ரத்தம் எடுத்து லேப்ல பாத்துட்டு சொல்லட்டும்.

சின்ன நோட்டு ஒண்ணு குடுத்தாங்களே, அது எதுக்கு?

அத பத்திரமா வச்சுக்கோங்க. ஒவ்வொரு மாசமும் பிரஷர், சுகர், எழுதுன மாத்திரை எல்லாம் அதுலதான் இருக்கும். டாக்டர் அடிக்கடி மாறுவாங்க, புதுசா வர்றவருக்கு உங்களப் பத்தி தெரியுறது அந்த நோட்டு வழியாத்தான். போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க.

எங்க அம்மாவுக்கு 72 வயசு, முட்டி வலி, பிஹெச்சி 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வீட்டுக்கு வந்து குடுப்பாங்கன்னு சொல்றாங்களே?

அதுதான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சது. 45 வயசுக்கு மேல இருக்குறவங்க, நடமாட முடியாதவங்க இவங்களுக்குத்தான் முன்னுரிமை, அதனால உங்க அம்மா கண்டிப்பா இந்தத் திட்டத்துக்குள்ள வருவாங்க. மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்குற ஒரு பெண்ணையே தன்னார்வலரா பயிற்சி குடுத்து அனுப்புறாங்க, அவங்க பிரஷர் மெஷின், குளுக்கோமீட்டரோட வீட்டுக்கே வந்து பாத்துட்டு மாத்திரைய குடுத்துட்டுப் போவாங்க. இந்தத் திட்டத்துக்கு 2024ல ஐக்கிய நாடுகள் சபையோட விருதும் கெடச்சது.

நீங்க செய்ய வேண்டியது, ஒரே ஒரு தடவ ஆட்டோ வச்சாவது அம்மாவ பிஹெச்சிக்கு கூட்டிட்டுப் போய் டாக்டர் பாத்து மருந்து எழுதி பேர் பதிஞ்சுடுங்க. அதுவும் முடியாத அளவுக்கு படுத்திருக்காங்கன்னா உங்க துணை சுகாதார நிலையத்துல இருக்குற கிராம சுகாதார நர்ஸ்கிட்ட சொல்லுங்க, ஊர்ல யார் யார் வீட்ல யார் படுத்துக் கெடக்குறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஏற்பாடு பண்ணுவாங்க. தன்னார்வலரா வர்ற அக்காவுக்கு ஊக்கத்தொகைதான், அரசு ஊழியர் சம்பளம் இல்ல, ஒரு நாள்ல எத்தன வீடு ஏறி எறங்குறாங்க, வர்றப்ப ஒரு சொம்பு தண்ணி குடுத்து உக்கார வச்சு பேசுங்க. அவங்க குடுக்குற மாத்திரைய மட்டும் வாங்கிட்டு "பிரஷர்லாம் வேணாம் போங்க"ன்னு அனுப்பிடுறவங்க நெறய பேர், அப்படி செய்யாதீங்க.

மாத்திரை வந்தா போதாதா, எதுக்கு மாசா மாசம் பிரஷர் பாக்கணும், ரத்தம் குடுக்கணும்?

இருக்குறதுலயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 2020ல தமிழ்நாடு முழுக்க ஒரு ஆய்வு எடுத்தாங்க, அதுல பிரஷர் இருக்குறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்குத்தான் பிரஷர் கட்டுப்பாட்டுல இருந்துச்சு, சுகர்ல 10.8 சதவீதம். ஊருக்கு ஊர் பிஹெச்சி இருக்கு, மாத்திரை ஃப்ரீ, அப்படி இருந்தும் நூறு பேர்ல ஏழு பேர், பத்து பேர். பாதிப் பேருக்கு நோய் இருக்குறதே தெரியாம இருக்கும், தெரிஞ்சவங்கள்ல கொஞ்ச பேர் மாத்திரைய தொடங்க மாட்டாங்க, தொடங்குனவங்கள்ல பல பேர் நல்லாத்தானே இருக்கோம்னு நடுவுல விட்டுடுவாங்க, விடாம போடுறவங்களுக்கும் டோஸ் பத்தாம இருக்கும்.

அந்தக் கடைசி விஷயத்த யாரும் கவனிக்குறதில்ல. ஒருத்தர் மூணு வருஷமா அம்லோடிபின் 5ங்குற பிரஷர் மாத்திரை போடுறார், மாசா மாசம் 160 காட்டுது, அவரும் வாங்கிட்டு வந்துடுறார், அங்கயும் அதே மாத்திரைய குடுத்துடுறாங்க. வைத்தியம் நடக்குற மாதிரி இருக்கு, ஆனா மூளைக்கும் கிட்னிக்கும் போற ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டேதான் இருக்கு. 140க்கு கீழ வரலேன்னா டோஸ கூட்டணும் இல்ல ரெண்டாவது மருந்து சேக்கணும், டெல்மிசார்டன் மாதிரி. இப்படி படிப்படியா ஏத்துறதுக்கு எழுதி வச்ச வழிமுறையே அரசுகிட்ட இருக்கு. அதனால ஒவ்வொரு தடவ போறப்பயும் ரெண்டு கேள்வி கேளுங்க, "டாக்டர், என் நம்பர் எவ்ளோ? அது போதுமா?" போதாதுன்னா "மருந்து மாத்தணுமா?"ன்னு தைரியமா கேளுங்க. அரசு குடுக்குற உதவில மாத்திரை ஒரு பாதிதான், நம்பர் கீழ எறங்குதான்னு பாக்குறது மீதி பாதி, அந்த மீதிய நாம கேட்டு வாங்கணும்.

சுகருக்கு இன்னொண்ணும் இருக்கு, ஹெச்பிஏ1சி. மூணு மாசத்து சராசரி சுகர் அதுல தெரியும். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கெடந்து நல்ல ரிசல்ட் காட்டுற வேலையெல்லாம் அதுகிட்ட நடக்காது. பெரும்பாலானவங்களுக்கு 7க்கு கீழ இருந்தா நல்லது, வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். உங்க பிஹெச்சில இல்லேன்னா எங்க எடுக்கலாம்னு கேட்டு ஜிஎச்சுக்கு எழுதி வாங்கிக்கோங்க.

அரசாங்க மாத்திரைல பவர் கம்மின்னு எங்க மாமா சொல்றாரு. நிஜமா?

இல்லவே இல்ல. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500னா அங்கயும் 500, மெடிக்கல் ஷாப்லயும் 500. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு 1994ல ஆரம்பிச்சாங்க, மாநிலத்துக்கு வேண்டிய மருந்த மொத்தமா டெண்டர் விட்டு வாங்குறது அவங்கதான். கம்பெனிலருந்து வந்த மருந்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டாங்க, கிடங்குல தனியா வச்சு ஒவ்வொரு பேட்ச்லருந்தும் மாதிரி எடுத்து லேப்புக்கு அனுப்பி, சரின்னு ரிசல்ட் வந்தப்புறம்தான் வெளிய விடுவாங்க. மொத்தமா வாங்குறதால வெல கொறயுது, தரம் கொறயல. மத்த மாநிலங்கள்லாம் இத பாத்து இதே மாதிரி ஆரம்பிச்சிருக்காங்க. பளபளன்னு அட்டைப்பெட்டி இருக்காது, விற்பனைக்கு அல்லன்னு பட்டைல போட்டிருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

மாமாவுக்கு சுகர் எறங்கலேன்னா காரணம் பெரும்பாலும் டோஸ் பத்தாம இருக்கும், இல்ல காலைல போட்டுட்டு ராத்திரி மறந்துடுவாரு. மாத்திரைய மாத்தறதுக்கு முன்னாடி அத பாருங்க.

தனியார் டாக்டர் எழுதுன சீட்ட காட்டி பிஹெச்சில மாத்திரை வாங்கலாமா?

சீட்ட நேரா மருந்துக் கவுண்டர்ல காட்டுனா தர மாட்டாங்க. அங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் பாத்துட்டு அதே மருந்தோ அதுக்கு ஈடான மருந்தோ எழுதுவார். ஒரே மாத்திரைல மூணு மருந்து சேத்து வர்ற காம்பினேஷன் அங்க இருக்காது, தனித்தனியா குடுப்பாங்க. ஒரு எச்சரிக்கை: ரெண்டு இடத்து மாத்திரையையும் சேத்துப் போட்டுடாதீங்க. பேர் வேற, உள்ள இருக்குற மருந்து ஒண்ணுதான், கிளிமிபிரைட் மாதிரி சுகர் மாத்திரை ரெண்டு மடங்கு உள்ள போய் சுகர் தடாலடியா எறங்கி மயக்கமாயிட்டா வயசானவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

எந்தக் காரணத்தாலயாவது அங்க கெடைக்காத மருந்து வேணும்னா மத்திய அரசோட மக்கள் மருந்தகம் இருக்கு, 2025 பிப்ரவரி 24ல தொடங்குன முதல்வர் மருந்தகமும் மாநிலம் முழுக்க இருக்கு, ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பேர்லயே வர்றது, நல்லா வெல கொறச்சு கெடைக்கும்.

"ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்புனா?

நடக்குது, மறைக்க ஒண்ணுமில்ல. எங்க வீட்லயும் இப்படி திரும்பி வந்திருக்கோம். கோவப்பட்டு அப்படியே வந்துடாதீங்க, அன்னைக்கே மருத்துவ அலுவலர பாத்து சொல்லுங்க, வேற மருந்தா மாத்திக் குடுக்க முடியுமான்னு கேளுங்க, இல்லேன்னா பக்கத்து பிஹெச்சில இருக்கான்னு போன் போட்டு கேக்க சொல்லுங்க, கேப்பாங்க. அதுவும் நடக்கலேன்னா 104க்கு போன் பண்ணி ஊர் பேர், பிஹெச்சி பேர், மருந்து பேர் சொல்லி புகார் பதிங்க. தன்னார்வலர் ரெண்டு மாசமா வரலேன்னாலும் இதே 104தான். நடுவுல மாத்திரை இல்லாம இருக்காதீங்க, ஒரு வாரத்துக்கானத மட்டும் வெளிய வாங்கிக்கோங்க. தீர்றதுக்கு அஞ்சாறு நாள் முன்னாடியே போற பழக்கம் வந்துட்டா இந்தக் கஷ்டம் பாதி கொறயும்.

இன்சுலின் பிஹெச்சில கெடைக்குமா?

டாக்டர் எழுதுனா கெடைக்கும், இல்லேன்னா ஜிஎச்ல கண்டிப்பா. ரெண்டு விஷயம் மட்டும் மறக்காதீங்க. அரசு தர்ற குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச்தான் போடணும். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கானது, மாத்திப் போட்டா டோஸ் தப்பாப் போயிடும். மெடிக்கல்ல சிரிஞ்ச் வாங்குறப்ப குப்பிய கைல கொண்டு போய் காட்டி வாங்குங்க.

ரெண்டாவது, வைக்குற இடம். ஃப்ரிட்ஜ் இருந்தா கதவுப் பக்கம் வைங்க, ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது, ஒறஞ்சு போன இன்சுலின் வேலைக்காகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்ல மண்பானைல ஈர மணலோ தண்ணியோ ஊத்தி அதுக்குள்ள டப்பாவுல போட்டு நெழல்ல வச்சுக்கலாம், நம்ம ஊர் வெயிலுக்கு இது நல்லா வேல செய்யுது. கை நடுங்கி வேர்த்து கொட்டுனா சுகர் எறங்கிடுச்சுன்னு அர்த்தம், உடனே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிக்கணும். வீட்ல எல்லாருக்கும் இத சொல்லி வைங்க.

கால், கண், கிட்னி இதெல்லாம் யார் பாக்குறது? யாரும் சொன்னதே இல்லையே.

கேட்டாத்தான் நடக்கும், அதனால வருஷத்துக்கு ஒரு நாள இதுக்குன்னே ஒதுக்குங்க. கிட்னிக்கு யூரின்ல புரதம் போகுதான்னு ஒரு பட்டைய நனச்சுப் பாப்பாங்க, பிஹெச்சிலயே செய்யலாம், கூடவே கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட். கண்ணுக்கு ஜிஎச்சுக்கு எழுதிக் குடுப்பாங்க, சொட்டு மருந்து விட்டு விழித்திரைய பாப்பாங்க, அன்னைக்கு வண்டி ஓட்ட முடியாது, தொணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க. பார்வ நல்லாத் தெரியுதேன்னு தள்ளிப் போடக் கூடாது, பார்வ மங்குறப்ப உள்ள பாதி கெட்டுப் போயிருக்கும்.

காலுக்குன்னு பாதம் பாதுகாப்போம்னு தனித் திட்டமே இருக்கு, சுகர்னால கால எடுக்குற நெலமை வரக் கூடாதுன்னுதான் கொண்டு வந்தாங்க. மெல்லிசான ஒரு நைலான் இழைய வச்சு பாதத்துல அங்கங்க தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க. உணர்ச்சி இல்லேன்னா முள் குத்துனாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. வயக்காட்டு வேலைக்கு வெறுங்கால்ல போறவங்க தெனமும் ராத்திரி பாதத்த கழுவி, துடச்சு, அடில ஒரு கண்ணாடி வச்சு பாருங்க, இல்ல வீட்ல புள்ளைங்கள பாக்கச் சொல்லுங்க. சின்ன புண்ணுன்னாலும் அன்னைக்கே பிஹெச்சிக்கு போங்க. மஞ்சள் வச்சுக் கட்டி ஒரு வாரம் பாப்போம்னு இருந்தவங்கள்ல விரல இழந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

நடுராத்திரி நெஞ்சு வலின்னா பிஹெச்சிக்கு போறதா, நேரா பெரியாஸ்பத்திரிக்கா?

மொதல்ல 108. ஆம்புலன்ஸ் வர லேட்டாகும், பிஹெச்சி பக்கத்துலயே இருக்குன்னா அங்க போங்க. 2023லருந்து இதயம் காப்போம் திட்டத்துல பிஹெச்சிலயே மாரடைப்புக்கான மொத டோஸ் மாத்திரை வச்சிருக்காங்க: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணும் சேத்து மொத்தம் 14 மாத்திரை. அத குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, போற வழில போற நேரம் வீணாகாது. சுகர் இருக்குறவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம வெறும் மூச்சு வாங்குறது, வேர்க்குறதுன்னு கூட மாரடைப்பு வரும். வாயுத்தொல்லைன்னு சோடா குடிச்சுட்டு படுக்காதீங்க.

நான் கம்பெனில வேல பாக்குறேன், ஷிப்ட். லீவு போட்டு வரிசைல நிக்க முடியாது.

தொழிலாளரைத் தேடி மருத்துவம்னு ஒண்ணு 2024ல ஆரம்பிச்சாங்க, வேலை செய்யுற எடத்துக்கே வந்து பிரஷர், சுகர் பாப்பாங்க. உங்க ஹெச்ஆர்கிட்ட சொல்லி வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க. நகரத்துல சில நகர்ப்புற சுகாதார நிலையங்கள்ல சாயங்கால ஓபியும் உண்டு, விசாரிங்க.

வயசு 34தான், எனக்கு எதுக்கு இதெல்லாம்?

30 வயசு தாண்டின எல்லாருக்கும் அஞ்சு விஷயம் பாக்கணும்னு மத்திய அரசோட தொற்றா நோய் திட்டமே சொல்லுது: பிரஷர், சுகர், வாய் புற்றுநோய், பொண்ணுங்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய். 2023ல வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல இந்தியாவுல சுகர் இருக்குறவங்க 10.1 கோடி, சுகர் வர்ற வாசல்ல நிக்குறவங்க 13.6 கோடி. அந்த 13.6 கோடில இருந்தா நடை, சாப்பாடு, எடைய கொறைக்குறது இத வச்சே பல பேர் தள்ளிப் போடலாம். அக்காமாருங்க, தங்கச்சிங்க கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு கூச்சப்படாதீங்க, நர்ஸம்மாதான் தனி ரூம்ல பாப்பாங்க, அஞ்சு நிமிஷ வேல.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல சுகர் மாத்திரை வாங்கலாமா?

முடியாது. அந்த அட்டை ஆஸ்பத்திரில சேந்து செய்யுற வைத்தியம், ஆபரேஷன், டயாலிசிஸ் மாதிரி விஷயத்துக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். நோய் வந்தப்புறம் ஓடாதீங்க, இப்பவே விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துல பதிஞ்சு வைங்க.

அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுத்திருக்கார், இன்னொரு சொந்தக்காரருக்கு டயாலிசிஸ். வீட்ல ஏதாவது உதவி?

ரெண்டுக்குமே மக்களைத் தேடி மருத்துவத்துல எடம் இருக்கு. வட்டாரத்துக்கு பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்பு நர்ஸும் இருக்காங்க, வீட்டுக்கு வந்து கை கால் பயிற்சி குடுப்பாங்க, படுக்கைப் புண்ண சுத்தம் பண்ணி எப்படி பாத்துக்கணும்னு சொல்லியும் தருவாங்க. அவங்க வாரா வாரம் வர முடியாது, அதனால பயிற்சிய வீடியோ எடுத்து வச்சு நீங்க தெனமும் செய்ய வைங்க. கிட்னிக்கு, வயித்து வழியா வீட்லயே பண்ற டயாலிசிஸ் டாக்டர் ஆரம்பிச்சிருந்தா அதுக்கான பைகள வீட்டுக்கே குடுக்குறாங்க, வாரம் ரெண்டு மூணு தடவ டவுனுக்கு அலையுற பஸ் செலவும் அலுப்பும் மிச்சம்.

சுகர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரைய நிறுத்திடலாமா? நாட்டு மருந்து போடலாமா?

மாத்திரை போடுறதாலதான் நார்மல். நீங்களா நிறுத்தாதீங்க, எடை நல்லா கொறஞ்சிருந்தா டாக்டரே கொறைப்பார். பல பிஹெச்சில சித்த மருத்துவரும் இருக்காங்க, சித்தா வேணும்னா அவங்ககிட்டயே போங்க, ரெண்டு டாக்டருக்கும் ஒருத்தருக்கொருத்தர் என்ன குடுக்குறாங்கன்னு தெரியட்டும். வாட்ஸப்ல வர்ற பொடிய நம்பி இன்சுலின நிறுத்துறது மட்டும் வேணவே வேணாம், கெஞ்சிக் கேக்குறேன்.

பேரனப் பாக்க சென்னைல மகன் வீட்டுக்கு ரெண்டு மாசம் போறோம். மாத்திரைக்கு என்ன பண்றது?

கெளம்புறதுக்கு முன்னாடி நர்ஸ்கிட்ட சொன்னா, கையிருப்பு இருந்தா கூடுதலா குடுத்து நோட்டுல எழுதி விடுவாங்க. இல்லேன்னாலும் கவலையில்ல, மகன் வீட்டுப் பக்கத்துல இருக்குற மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த நோட்டக் காட்டுங்க, வேற ஊர்க்காரங்கன்னு திருப்பி அனுப்பக் கூடாது, அங்கயும் ஃப்ரீதான். போறப்ப மாத்திரைய கைப்பையில வைங்க, பெரிய பெட்டில போட்டு லக்கேஜோட வைக்காதீங்க. ஊர்ல வர்ற தன்னார்வலருக்கும் ஒரு போன் பண்ணி சொல்லிட்டுப் போங்க, இல்லேன்னா பூட்டுன வீட்டுக்கு வந்து திரும்பிப் போவாங்க.